பாதியில் நிற்கக் கூடாத பெட்டி

ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் வைத்து, அதன் கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, "மூச்சே இல்லை சார்" என்கிறார். எப்படி இருக்கும்? பெட்டி செத்துப் பத்து நாள் ஆகிறது. பிளக்கைக்கூட இவரே பிடுங்கி வைத்திருக்கிறார். ஆனால் முப்பத்தைந்து வருடமாக எந்த மோட்டாருக்கு முன்னால் போய் நின்றாலும் முதலில் இதைச் செய்து பழகிய காது. அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுக்காமல் மேற்கொண்டு நகரமாட்டார்.

இவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் குடியிருப்பில் இரண்டாவது தளத்தில் இருக்கிறார், நான் மூன்றாவது. எங்கள் கட்டடத்து லிஃப்டில் இவர் ஏறி நான் பார்த்ததில்லை. கேட்டால், "ஆபீஸ் முடிஞ்சப்புறம் நீங்க ஆபீஸ்ல போய் உக்காருவீங்களா?" என்பார். ஆனால் வாசலில் நின்று யார் ஏறுகிறார்கள் என்று எண்ணுவார். 'ஆறு நபர்கள், 450 கிலோ' என்று உள்ளே ஒரு தகடு இருக்கிறதே, அதை எழுதியவர்களைவிட அதிகமாக மதிப்பவர் இவர். ஏழாவது ஆள் கால் வைத்தால் போதும், "நானூத்தம்பது! ஒருத்தர் இறங்குங்க" என்று கையை நீட்டிவிடுவார். ஒருமுறை கட்டட உரிமையாளரின் மாமியாரையே இறக்கிவிட்டார். அன்றிலிருந்து குடியிருப்பில் இவருக்குப் பெயரே நானூத்தம்பது. இவருக்கும் தெரியும், வருத்தமில்லை.

ஆட்களைப் பார்த்ததும் எடை சொல்லுவார். நான் குடிவந்த அன்று, கையில் இருந்த பெட்டியை வாங்கி உதவிக்கொண்டே, "நீங்க எழுபத்திரண்டு, பெட்டி பதினாலு" என்றார். அதுதான் எங்கள் அறிமுகம். மாடிக்குப் போய் எடை பார்த்தேன். எழுபத்திரண்டுதான்.

எதையும் சரியாகிவிட்டது என்று இவர் சொல்லிக் கேட்க முடியாது. "இப்போதைக்கு ஓடுது" என்பதுதான் இவருடைய அதிகபட்சப் பாராட்டு. கடிகாரம், மனைவியின் உடம்பு, தன்னுடைய வேலை, எல்லாம் இப்போதைக்கு ஓடுகின்றன. தொழிலில் இவருக்கு ஒரே ஒரு பயம், லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவில் நின்றுவிடுவது. "கீழ நின்னா இறங்கிடலாம். மேல நின்னா இறங்கிடலாம். நடுவுல நின்னா மனுஷன் என்ன சார் பண்ணுவான்?" அப்படி யாராவது மாட்டிக்கொண்டால் கூட்டாளியை மேலே மோட்டார் அறைக்கு அனுப்பிவிட்டு இவர் மூடிய கதவுக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். உள்ளே இருப்பவரிடம் என்ன வேலை, எங்கே வீடு, எத்தனை குழந்தை என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு மணி நேரம்கூடப் பேசியிருக்கிறாராம். அதே மனிதர் போனை எடுத்தால் "ம்", "சரி", "வைக்கவா", அவ்வளவுதான். இந்த முடிச்சு எனக்கு இன்னும் அவிழவில்லை.

இப்படிப்பட்டவர் ஐம்பத்தேழு வயதில் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிறார் என்பது தெரிந்தபோது, இவரைப் பற்றி எழுதியே தீர்வது என்று முடிவு செய்தேன்.

இதில் இழுத்துவிட்டவர் இவருடைய அக்கா. வேறு ஊரில் இருக்கிறார். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. முப்பது வருடம் கரும்பலகையில் மலையும் ஆறும் வரைந்தவர், சொந்தக் கண்ணால் பார்த்த மலைகளை ஒரு கையில் எண்ணிவிடலாம். மூன்று வருடத்துக்கு முன் முழங்காலில் ஆபரேஷன் ஆகி வீட்டோடு கிடந்தபோது, பொழுது போகாமல் இந்த லாரி விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகவேண்டும். மலை வரும், பாலம் வரும், மழை பெய்யும். கால் சரியான பிறகும் அவர் லாரியை விட்டு இறங்கவில்லை. தம்பியையும் சேர்த்துக்கொண்டார். இவரும், தான் லிஃப்ட் பார்க்கிற ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்தார். விளையாட்டுக்குள் இருவருக்கும் சேர்த்து ஒரு லாரி கம்பெனி. சனிக்கிழமை மாலை நாலிலிருந்து ஆறு வரை அக்கா முன்னால், தம்பி பின்னால். மைக்கில் பேசிக்கொண்டே போவார்கள்.

"ஏன், போன்ல பேசிக்கலாமே?" என்று கேட்டேன்.

"போன்ல பேசினா சண்டை சார்" என்றார். "எங்க சுத்தினாலும் கடைசியில அப்பா இறந்த ஆஸ்பத்திரியில வந்து நிக்கும். நீ அப்பவே ஆஸ்பத்திரியை மாத்தியிருக்கணும்னு அக்கா கத்தும். மாத்தலாம்னு சொன்னவனே நான்தான், நீதான் கேக்கலேன்னு நான் கத்துவேன். வெச்சிடுவோம். ஒன்பது வருஷமா இதேதான்." கொஞ்சம் யோசித்தார். "லாரியில போறப்போ அது வராது. முன்னால ரோடு இருக்கு பாருங்க. அதைப் பாத்துக்கிட்டே பேசிடலாம்."

அந்த ஏற்பாட்டில்தான் மண் விழுந்தது. பத்து நாளைக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஒரு சுரங்கப்பாதையைத் தாண்டும்போது, அக்கா தானாகவே, "அப்பா விஷயத்துல உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. அந்த ஆஸ்பத்திரி..." என்று ஆரம்பித்திருக்கிறார். டப் என்று ஒரு சத்தம். திரை கறுப்பு. பெட்டிக்குள்ளிருந்து கருகிய வாடை. மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை என்ற பாகம் எரிந்துபோயிருந்தது. இவர் பதறிப்போய் போன் பண்ணினால், அக்கா எடுத்த எடுப்பிலேயே, "கோவம் வந்தா திட்டுடா. பாதியில ஓடிப் போகாதே" என்றாராம். பெட்டி எரிந்துவிட்டது என்று இவர் சொல்ல, நான் அப்பா பேச்சை எடுத்ததும் சரியாக எரிந்ததா என்று அவர் கேட்க, வழக்கம்போல் முடிந்தது. அதன்பிறகு அக்கா போனை எடுப்பதில்லை. அடுத்த சனிக்கிழமையும் வண்டி ஓடவில்லை. திங்கட்கிழமை ஒரு செய்தி மட்டும் வந்தது. 'இந்த சனிக்கிழமை நாலு மணி. வரலேன்னா கம்பெனியைக் கலைச்சிடலாம்.'

அதை எனக்குக் காட்டினார். சிரிக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. இல்லாத இரண்டு லாரிகளை வைத்து நடக்கிற கம்பெனிதான். ஆனால் உடன்பிறந்தவளோடு பேசுவதற்கு இவரிடம் மிச்சமிருந்த ஒரே இடம் அது.

கம்ப்யூட்டர் கடைக்கு என்னையும் கூடப் போகச் சொன்னது இவருடைய மனைவி. பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் இருக்கிறார். வலியோடு வருகிறவர்களைச் சமாளித்துப் பழகியவர், அதனால் கணவரையும் சமாளிக்கிறார். "தம்பி, இவரைத் தனியா அனுப்பாதீங்க" என்றார். "மின்விசிறி வாங்கப் போனவர் கொக்கியை மட்டும் வாங்கிட்டு வந்தவர் இவர். பத்து ஆள் தொங்கலாமாம். விசிறி அடுத்த மாசம் வந்துது."

"இன்னைக்கும் ஆடாம இருக்கா இல்லையா?" என்றார் இவர்.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற கடை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. செங்குத்தான படி. "இத்தனை மாடி கட்டிட்டு லிஃப்ட் வெக்கலை பாருங்க, நம்ம வயித்துல அடிக்கிறாங்க" என்று புலம்பிக்கொண்டே ஏறினார். மேலே ஓர் அறை. சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள், கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும் வயர்கள். கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு கடைக்காரம்மா. நாங்கள் கொண்டுபோன பெட்டியைத் திறந்தார், மோந்து பார்த்தார், உள்ளே ஊதினார். பிறகு மூன்றே கேள்விகள். என்ன கேம்? எந்த அளவு திரை? எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

இவர் வைத்திருந்தது ஒரு மாத ஓவர்டைம். அதைக் கேட்டுக்கொண்டு கடைக்காரம்மா ஓர் அட்டையின் பின்பக்கத்தில் மளமளவென்று எழுதினார். எனக்கு அந்த வேகம் பிடித்திருந்தது. பவர் சப்ளை, சின்னது. ரேம் ஒன்று கூடுதலாக. அது வேலை செய்கிற மேஜையைப் பெரிதாக்குவது மாதிரி. மீதி எல்லாவற்றையும் கிராஃபிக்ஸ் கார்டில் போடவேண்டும். பழையதுதான், ஆனால் அவரே சோதித்தது, ஆறு மாதம் உத்தரவாதம். "உங்க பெட்டியில கார்டே கிடையாது அண்ணே. அதான் படம் திணறியிருக்கும். மலை, ஆறு, மரம் எல்லாத்தையும் வரையறது இந்த கார்டுதான். கண்ணுக்குத் தெரியறதுக்குக் காசு கொடுங்க."

அருமையான பட்டியல். நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இவரும் தலையாட்டிக்கொண்டே வந்தார். முதல் வரியில் விரலை வைத்தார்.

"இது எவ்வளவு தாங்கும்?"

"நானூத்தம்பது வாட்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் சிரிக்கவில்லை. "நானூத்தம்பதுன்னு எழுதியிருந்தா நானூத்தம்பதும் ஏத்திடக் கூடாது. அதுக்கு மேல என்ன இருக்கு?"

"அண்ணே, உங்க பெட்டி மொத்தமா இழுக்கிறதே இருநூறைத் தாண்டாது."

"லிஃப்டுல கயிறு எத்தனை மடங்கு தாங்கும் தெரியுமாம்மா? பன்னெண்டு மடங்கு."

"இது யாரையும் தூக்கலையே அண்ணே!"

"தூக்கலை. ஆனா நடுவுல நின்னுடுச்சே."

கடைக்காரம்மா கண்ணாடியைக் கீழே இறக்கி இவரை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுநூற்றைம்பது வாட் பவர் சப்ளை ஒன்றை எடுத்து வைத்தார். பத்து வருட உத்தரவாதம். இவர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார், ஓரத்தைத் தட்டினார், முகம் மலர்ந்துவிட்டது. பட்டியலில் பாதிப் பணம் அங்கேயே தீர்ந்தது. சரி, சின்னதாக ஒரு கார்டாவது வாங்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, "வெளியில கரண்ட் போனா?" என்றார்.

"யுபிஎஸ் போடணும். பேட்டரி. ஆனா அண்ணே, அதுக்குப் போனா கார்டுக்கு ஒண்ணுமே..."

"லிஃப்டுல உண்டும்மா. கரண்ட் போனா பேட்டரி ஒரு மாடி வரைக்கும் கொண்டுபோய் கதவைத் திறந்துவிடும். அதைப் போடுங்க."

நான் குறுக்கே புகுந்தேன். வெட்கமில்லாமல் பிரசங்கமே செய்தேன். பாருங்கள் அண்ணே, ஒரு விளையாட்டுக்கு வாங்குகிறோம், படம் தெரியவேண்டாமா, கார்டு இல்லாமல் அந்த மலையெல்லாம் எப்படி வரும் என்று. இவர் பொறுமையாகக் கேட்டார். மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும்போதும் இதே முகம்தான் இருக்கும் என்று தோன்றியது. "கார்டு அடுத்த ஓவர்டைம்ல பாத்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டார். ஒரு பவர் சப்ளை, ஒரு யுபிஎஸ், பணத்தில் மிஞ்சிய துணுக்குக்கு ஒரு ரேம். கொக்கி வாங்கியாயிற்று, விசிறி வாங்கவில்லை. கடைக்காரம்மா பட்டியல் அட்டையை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை மாலை இவர் அதையெல்லாம் பொருத்துவதை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் சட்டையைக் கழற்றி மாட்டினார். திருகுகளை ஒரு தட்டில் கழற்றிய வரிசையிலேயே வைத்தார். ஒவ்வொரு வயருக்கும் சின்ன வெள்ளை டேப்பில் நம்பர் எழுதி ஒட்டினார். வளைவுகளைக் கட்டைவிரலால் நீவி, ஒன்றோடொன்று உரசாமல் கட்டினார். நான் எத்தனையோ கம்ப்யூட்டர்களின் உள்ளே பார்த்திருக்கிறேன். எலி குடும்பம் நடத்துகிற மாதிரிதான் இருக்கும். இது அப்படி இல்லை. மூடுவதற்கே மனசு வராது. அதற்குள் இத்தனை பெரிய பவர் சப்ளை, வேலை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது.

பட்டனை அழுத்தினார். விசிறி சுழன்றது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். யுபிஎஸ் 'கீ கீ' என்று கத்தியது, பெட்டி நிற்கவில்லை. மறுபடி செருகினார், மறுபடி பிடுங்கினார். நாலு தடவை. "ஓடுது" என்றார். "இப்போதைக்கு" என்பதை அன்று சொல்லவில்லை என்று எனக்கு ஞாபகம்.

சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு நான் போய்விட்டேன். அழைக்கவில்லை, போனேன். மனைவி சாப்பாட்டு மேஜையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். இவர் தலைவாரி, சவரம் செய்து, புகைப்படத்துக்கு உட்காருகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் இவருக்கு ஆகாது. காதை அடைத்தால் பெட்டியின் சத்தம் கேட்காதாம். அதனால் ஸ்பீக்கரில்தான் எல்லாம்.

நாலு மணி. திரையில் ஒரு கிடங்கு, அதன் வாசலில் ஒரு சிவப்பு லாரி. கரகரப்பாக ஒரு குரல்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேங்க்கா."

"என்ன ஏத்தியிருக்கே?"

"சிமெண்ட். பதினெட்டு டன்."

"நான் பால். கெட்டுப்போறதுக்குள்ள இறக்கணும். பின்னாலயே வா."

அவ்வளவுதான். இரண்டு வார மௌனத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சிவப்பு லாரி கிளம்பியது, இவர் பின்னால் போனார். ஊரைத் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. மலைப்பாதை வந்ததும் படம் விக்க ஆரம்பித்தது. ஒரு வளைவில் இருந்த லாரி அடுத்த கணம் வேறு வளைவில் இருந்தது. கடைக்காரம்மா சொன்ன அதே திணறல். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இடது பக்கம் பாரு" என்றார் அக்கா. குரலில் வகுப்பறை வந்துவிட்டது. "எப்படி அடுக்கடுக்கா நிக்குது. மடிப்பு மலைடா இது. கீழ ஆறு தெரியுதா?"

இவர் திரையில் மலை கட்டம் கட்டமாக உதிர்ந்து சேர்ந்துகொண்டிருந்தது. "தெரியுதுக்கா" என்றார்.

ஒரு பாலம் போயிற்று. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னைக்கு ஒண்ணு சொல்ல வந்தேன்ல. நீ போயிட்டே. அப்பாவை அங்க... ஸ்பத்... நீ... ன்னு... லே..."

படத்தோடு குரலும் விக்கியது. வார்த்தைகள் ஓரம் கிழிந்து வந்தன. இவர் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார். மனைவியின் கை ஒரு சட்டையோடு அப்படியே நின்றது.

"அக்கா, ஒரு நிமிஷம். சொல்லு, நிறுத்தாதே" என்றவர், ஒரு கையால் மேஜையில் பொருத்தியிருந்த விளையாட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். பெட்டியின் பாரத்தைக் குறைக்க, நிழல் என்று இருந்த அளவுக்கோட்டை இடது ஓரத்துக்கு இழுத்தார். லாரிகளின் நிழல் மறைந்தது. குரல் இன்னும் கிழிந்துதான் வந்தது. மரங்களை இழுத்தார். சாலையோரம் மொட்டையாயிற்று. நான் பொறுக்கமாட்டாமல், "அண்ணே, அடுத்தது மலை, போயிடும்" என்று கிசுகிசுத்தேன்.

"போகட்டும் சார்."

மலை போயிற்று. தண்ணீரை இழுத்தார், ஆறு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பலகை கிடந்தது. வானத்தில் மேகம் இல்லை. திரையில் மிஞ்சியது ஒரு சாலை, அதில் ஒரு சிவப்பு லாரி.

"கேக்குதா உனக்கு?" அக்காவின் குரல் இப்போது அறையில் இருப்பவர் பேசுவதுபோல் முழுசாக வந்தது.

"கேக்குதுக்கா. நல்லாக் கேக்குது."

"மாத்தலாம்னு நீ சொன்னேடா. அந்த ஆஸ்பத்திரி வேண்டாம்னு நீதான் சொன்னே. நான் கேக்கலே. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் ஒன்பது வருஷமா உன்னைப் போட்டுத் திட்டிட்டு இருக்கேன். உன்னை விட்டா நான் வேற யாரைத் திட்டுவேன்?"

இவர் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. முன்னால் போன சிவப்பு லாரி வேகம் குறைந்தது.

"டேய்... இருக்கியா? மறுபடியும் போயிட்டியா?"

இவர் மைக்கை நோக்கிக் குனிந்தார், நிமிர்ந்தார். பிறகு ஹாரன் பட்டனின் மேல் விரலை வைத்து அழுத்தினார். அறை அதிர்ந்தது. விரலை எடுக்கவே இல்லை.